பூ உதிர்ந்த பின்னும் வாழும் செடி: பல்லாண்டுப் பூச்செடிகளைத் தொட்டியிலும் தோட்டத்திலும் வளர்த்தல்

பொங்கலை ஒட்டிப் பூத்துக் குலுங்கும் சாமந்தித் தொட்டி ஒன்றை வாங்கி வந்து வாசலில் வைப்பவர்களில் பெரும்பாலானோர், மாசி பிறந்து பூக்கள் காய்ந்து இலைகளும் பழுப்பேறத் தொடங்கியதும், செடி செத்துவிட்டது என்று முடிவு செய்து அதைப் பிடுங்கிக் குப்பையில் சேர்த்துவிடுகிறார்கள். உண்மையில் அந்தச் செடி சாகவில்லை. காய்ந்த தண்டுகளை மண்மட்டத்துக்குச் சற்று மேலாக வெட்டிவிட்டு, தொட்டியை அரைநிழலுக்கு மாற்றி, மண் முற்றிலும் உலர்ந்துபோகாமல் பார்த்துக்கொண்டால், சில வாரங்களில் அடித்தண்டைச் சுற்றி மண்ணுக்குள்ளிருந்து பக்கக் கன்றுகள் தலைகாட்டும். அவற்றைப் பிரித்து நட்டால், அடுத்த குளிர்காலத்தில் அதே நிறத்தில் பூக்கும் நான்கைந்து செடிகள் கையில் இருக்கும். ஆனால் அதே வாசலில் ஆரஞ்சு நிறத்தில் நின்ற துலுக்கச் சாமந்திக்கு இந்த வைத்தியம் பலிக்காது. விதை முற்றியதோடு அதன் ஆயுள் முடிந்துவிட்டது. எவ்வளவு நீர் ஊற்றினாலும் அந்த வேரிலிருந்து இனி எதுவும் துளிர்க்காது. பூக்கடையில் இரண்டும் சாமந்திதான் என்றாலும், ஒன்று பல்லாண்டுச் செடி, மற்றொன்று ஒரு பருவச் செடி. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வதுதான் பூச்செடி வளர்ப்பில் முதல் பாடம்.

தாவரவியல் செடிகளை அவற்றின் ஆயுளை வைத்து ஒரு பருவத் தாவரம், இரு பருவத் தாவரம், பல பருவத் தாவரம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. முளைத்து, வளர்ந்து, பூத்து, விதை தந்து, ஒரே பருவத்துக்குள் மடிவது முதல் வகை; துலுக்கச் சாமந்தியோடு கோழிக்கொண்டை, வாடாமல்லி, காசித்தும்பை, சூரியகாந்தி ஆகியவையும் இதில் அடங்கும். முதல் ஆண்டில் இலையையும் வேரையும் மட்டும் வளர்த்துக்கொண்டு இரண்டாம் ஆண்டில் பூத்து மடிவது இரண்டாம் வகை. கேரட்டும் முட்டைக்கோசும் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் எடுத்துக்காட்டுகள் என்பதால், பூந்தோட்டம் போடுகிறவர் இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, பொதுவாக ஆண்டுதோறும் பூப்பது மூன்றாம் வகை. மல்லிகை, முல்லை, பிச்சி, செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, கனகாம்பரம், அரளி, ரோஜா, காகிதப்பூ, டிசம்பர் பூ, சங்குப்பூ என்று நம் வீடுகளைச் சுற்றி நிற்கும் பூச்செடிகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவையே.

ஒரு பருவச் செடி, தான் தயாரிக்கும் உணவில் பெரும்பகுதியை விதையாக்கிவிட்டு மடிகிறது. பல்லாண்டுச் செடியோ அந்த உணவில் ஒரு பங்கை வேரிலும் தண்டிலும் கிழங்கிலும் கையிருப்பாக வைத்துக்கொள்கிறது. அந்தக் கையிருப்பிலிருந்துதான் அடுத்த துளிர் வருகிறது. விதைத்த இரண்டு மாதத்தில் துலுக்கச் சாமந்தி மொட்டு விட்டுவிடும்போது, பதியன் போட்டு, அதாவது தாய்ச்செடியின் கிளையை மண்ணில் புதைத்து வேர்விடச் செய்து, வைத்த மல்லிகை முதல் ஆண்டு முழுவதும் இலையும் கொடியுமாகவே நிற்பதற்கு இதுவே காரணம். அந்த ஓராண்டுப் பொறுமையின்மையால் உரத்தை அள்ளிக் கொட்டிச் செடியைக் கெடுத்தவர்கள் நிறையப் பேர். அது சும்மா நிற்கவில்லை, கீழே வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால் கை சற்று அடங்கும்.

இங்கே தட்பவெப்பத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குளிர்நாடுகளில் எழுதப்படும் தோட்டக் குறிப்புகள், பல்லாண்டுப் பூச்செடி என்றால் பனிக்காலத்தில் மேற்பகுதி முழுவதும் கருகி, வசந்தத்தில் வேரிலிருந்து மீண்டும் எழும் சிறுசெடி என்றே பெரும்பாலும் பொருள்கொள்கின்றன. அதே குறிப்புகளை மதுரையிலோ சென்னையிலோ இருப்பவர் அப்படியே பின்பற்றினால் குழப்பமே மிஞ்சும். நம் சமவெளியில் உறைபனி கிடையாது. செடிக்கு இங்கே வரும் சோதனைகள் இரண்டு: சித்திரை, வைகாசி வெயில் ஒன்று, ஐப்பசி, கார்த்திகை அடைமழை மற்றொன்று. இவ்வாறு இடத்துக்கு இடம் ஆயுளே மாறுவதற்கு நித்தியகல்யாணி நல்ல சான்று. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட அச்செடி, நம் ஊரில் சுவர் வெடிப்பில்கூட ஆண்டுக்கணக்கில் பூத்துக்கொண்டிருக்கிறது. உறைபனி விழும் நாடுகளிலோ குளிர் தாங்காமல் செத்துவிடுவதால், அங்குள்ளவர்கள் அதை ஆண்டுதோறும் புதிதாக விதைத்து ஒரு பருவச் செடியாகவே வளர்க்கிறார்கள். தமிழ்நாட்டிலேயே உதகையின் கதை தனி. மார்கழியில் அங்கே உறைபனி விழும், ஆனால் கீழே எளிதில் தங்காத ஹைட்ரேஞ்சாவும் அகபாந்தசும் அந்தக் குளிரில் ஆண்டுக்கணக்கில் தழைக்கும்.

பல்லாண்டுச் செடிகள் எல்லாம் ஒரே மாதிரி வாழ்வதில்லை. செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி போன்றவை கட்டைத்தண்டு உடைய புதர்கள்; ஆண்டு முழுவதும் மேலே தெரியும். மல்லிகை, முல்லை, காகிதப்பூ, சங்குப்பூ ஆகியவை படரும் அல்லது சாயும் கொடிகள். சாமந்தி போன்றவை மண்ணடியில் பக்கக் கன்றுகளைப் பெருக்கும் சிறுசெடிகள். நான்காவதாக, மண்ணுக்குள் மறைந்து உறங்கும் கிழங்குச் செடிகள் இருக்கின்றன. தொடக்கக்காரர்கள் அதிகம் ஏமாறுவது இவற்றில்தான். நம் மாநில மலரான செங்காந்தளை எடுத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் முளைத்து, இலை நுனியில் இருக்கும் பற்றுக்கம்பியால் வேலியைப் பிடித்து ஏறி, மஞ்சளும் சிவப்புமாகப் பூத்து, பிறகு தண்டு முழுவதும் காய்ந்து மறைந்துவிடும். தொட்டி வெறுமையாகத் தெரிவதால் அதில் வேறு செடியை நட்டுவிடுகிறோம், அல்லது இரக்கப்பட்டுத் தொடர்ந்து நீர் ஊற்றிக் கிழங்கை அழுக விடுகிறோம். இரண்டும் வேண்டாம். உறங்கும் மாதங்களில் தொட்டியை மழை நனையாத இடத்தில் வைத்துவிட்டால் போதும். கலப்பை வடிவில் கவை விட்டிருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும் அதற்குப் பெயர் உண்டு. அந்தக் கவைகளின் முனையில்தான் முளைக்கண் இருக்கிறது என்பதால், கிழங்கை எடுத்து மாற்றும்போது முனை ஒடிந்தால் அந்தப் பக்கம் முளைக்காது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காக இதை வயலில் பயிரிடுபவர்கள் கிழங்கைக் கையாளும் பக்குவம் பார்க்கத் தக்கது. செடி முழுவதும், குறிப்பாகக் கிழங்கு, கடும் நஞ்சு என்பதையும் மறந்துவிடக்கூடாது. மழை லில்லியும் நிலச்சம்பங்கியும் இதே போல மண்ணுக்குள் கிழங்காகக் காலம் தள்ளக்கூடியவை. நஞ்சின் தொந்தரவு அஞ்ச வேண்டாத நிலச்சம்பங்கி, முதல்முறை கிழங்குச் செடி வளர்ப்பவருக்கு ஏற்றது.

பல்லாண்டு வாழ்வது வேறு, பலமுறை பூப்பது வேறு என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்து ஒரே ஒருமுறை பூத்து மடிகிறது. மூணாறுப் பகுதி மலைகள் 2006-லும் 2018-லும் நீலமானது அப்படித்தான். வாழையில் ஒவ்வொரு தண்டும் ஒருமுறை குலை தள்ளிச் சாய்கிறது, ஆனால் அடிக்கிழங்கு பக்கக் கன்றுகளால் தொடர்ந்து வாழ்கிறது. வீட்டுத் தோட்டத்தில் நாம் தேடுவது இவற்றையல்ல. ஆண்டுதோறும், முடிந்தால் மாதந்தோறும், பூ தரும் செடிகளைத்தான்.

தொட்டி என்னும் எல்லை

தரையில் நட்ட நந்தியாவட்டை முப்பது ஆண்டுகள் கவனிப்பின்றி நிற்பதைப் பார்த்துவிட்டு, தொட்டியில் வைத்ததும் அவ்வாறே இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் தரையில் இருக்கும் செடி, நீர் குறைந்தால் வேரை ஆழத்துக்கு விடும். சத்துக் குறைந்தால் பக்கவாட்டில் தேடும். வெயில் அதிகமானாலும் ஓரடிக்குக் கீழே மண் குளிர்ச்சியாகவே இருக்கும். தொட்டியில் இருக்கும் செடிக்கு இந்த வழிகள் எல்லாம் அடைபட்டிருக்கின்றன. ஒரு பருவச் செடிக்கு இது பெரிய குறை அல்ல, நான்கு மாதத்தில் அதன் கணக்கு முடிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் வேர் வளர்த்துக்கொண்டே போகும் செடிக்கோ, தொட்டிச் சுவர் ஒருநாள் கட்டாயம் தடையாகும். எனவே தொட்டியில் பல்லாண்டுப் பூச்செடி வளர்ப்பது என்பது, சுருங்கச் சொன்னால், அந்தத் தடையைத் தள்ளிப்போடும் வேலைதான்.

சிறு கன்றைப் பெரிய தொட்டியில் நேரடியாக வைத்துவிட்டால் அடிக்கடி மாற்ற வேண்டாமே என்று பலர் கேட்பதுண்டு. வேர் எட்டாத மண்ணில் நீர் உறிஞ்சப்படாமல் தேங்கி, காற்றோட்டம் குறைந்து, வேர் அழுகத் தொடங்கும் என்பதால் அது நல்லதல்ல. ஆறு அல்லது எட்டு அங்குலத் தொட்டியில் தொடங்கி, வேர் நிறைந்தபின் பன்னிரண்டு அங்குலத்துக்கும், செம்பருத்தி, மல்லிகை போன்றவற்றை அதற்குமேல் பதினான்கு, பதினாறு அங்குலத்துக்கும் மாற்றுவதே முறை. மண்தொட்டி சுவர் வழியாகவும் ஈரத்தை வெளியேற்றுவதால் வேர் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் கோடையில் இரண்டு வேளை நீர் கேட்கும். நெகிழித் தொட்டி ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஆனால் கறுப்பு நிறமாக இருந்து மேற்கு வெயிலில் நின்றால் ஓரத்து வேர்கள் வெந்துவிடும். மாடியில் வைப்பவர்கள் எடையையும் கணக்கிட வேண்டும். ஓரடித் தொட்டியில் 15 லிட்டருக்குக் குறையாமல் கலவை பிடிக்கும். நனைந்த நிலையில் அது 20 கிலோ அளவுக்கு வரும், செம்மண் மிகுந்தால் இன்னும் ஏறும். ஆகவே பெரிய தொட்டிகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரோ உத்திரமோ செல்லும் ஓரங்களில் பரப்பி வைப்பது நல்லது.

கலவைக்குத் தோட்டத்து மண்ணை மட்டும் அள்ளிப் போட்டால் ஆறு மாதத்தில் அது செங்கல்லாக இறுகிவிடும். செம்மண், மக்கிய தொழுஉரம் அல்லது மண்புழு உரம், தேங்காய் நார்த்தூள் மூன்றையும் ஏறத்தாழச் சமபங்காகச் சேர்த்து, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் கலந்தால் பெரும்பாலான பூச்செடிகளுக்குப் பொருந்தும். நார்த்தூளில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். சாமந்தி ஓராண்டுக்கு மேல் ஒரே மண்ணில் இருக்கப்போவதில்லை; மல்லிகையோ இரண்டு ஆண்டுகள் அதிலேயே இருக்கும் என்பதால், விரைவில் மக்கிக் குறையும் பொருள்களை மிகுதியாகப் போட்டால் மண்மட்டம் பாதிக்கு இறங்கிவிடும். வடிகாலுக்காகத் தொட்டியின் அடியில் நாலு விரல்கடை உயரத்துக்கு ஜல்லி போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது வடிகாலை மேம்படுத்துவதில்லை. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லிடுக்குக்கு நீர் எளிதில் இறங்காது என்பதால், ஈரம் கற்களுக்கு மேலே வேரை ஒட்டியே நிற்கிறது. வேருக்கான இடமும் குறைகிறது. துளை அடைபடாமல் இருக்க வளைந்த ஓட்டுத்துண்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்தாலே போதும்.

நீர் ஊற்றுவதற்கு நேரம் குறித்துக்கொள்வதைவிட விரலை நம்புவது மேல். இரண்டு அங்குல ஆழத்தில் மண் உலர்ந்திருந்தால், அடித்துளை வழியே வெளியேறும் வரை நிறைய ஊற்ற வேண்டும். ஈரம் இருந்தால் அன்று விட்டுவிடலாம். நாள்தோறும் ஒரு குவளை என்று மேலாகத் தெளித்துவரும் செடியில் மேல்மண் நனைந்தும் அடிவேர் வறண்டும் இருக்கும். கோடையில் மாலை நான்கு மணிக்கு இலை துவள்வதைக் கண்டவுடன் வாளியைத் தூக்க வேண்டாம். வெயில் இறங்கியதும் தானே நிமிர்ந்தால் அது நீர்ப் பற்றாக்குறை அல்ல, காலையிலும் துவண்டிருந்தால்தான் கவலைக்குரியது. மண் ஈரமாக இருக்கும்போதே செடி துவண்டு நின்றால் வேர் அழுகலை ஐயுற வேண்டும். நித்தியகல்யாணி தொட்டிகளில் சாவது பெரும்பாலும் தாகத்தால் அல்ல, அன்பு மிகுதியால்.

சத்தைப் பொறுத்தவரை, ஒவ்வொரு முறை நீர் வடியும்போதும் தொட்டியிலிருந்து கொஞ்சம் சத்து கரைந்து வெளியேறுகிறது என்பதால், சிறிது சிறிதாக அடிக்கடி கொடுப்பதே பொருத்தமானது. கடலைப்புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்த தெளிவைப் பத்து மடங்கு நீரில் கலந்து இரு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றுவது பழகிய முறை. தழைச்சத்து மிகுந்த அதை மட்டுமே தொடர்ந்து கொடுத்தால் இலை கரும்பச்சையாகச் செழித்து, மொட்டு வராமல் போகும். எலும்புத்தூள், மண்புழு உரம், மூன்று விழுக்காடு பஞ்சகவ்யம் ஆகியவற்றை இடையிடையே மாற்றிக் கொடுக்கலாம். ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே நீர் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டுவதால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாமல் போகிறது. இதை முதலில் காட்டிக்கொடுப்பது இட்லிப்பூ. இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் தெரிந்தால், மேலும் உரம் போடுவதால் பயனில்லை. மழைநீரைப் பிடித்துத் தொட்டியை நன்கு அலசிவிட்டு, கடையில் கிடைக்கும் இரும்புச்சத்துக் கரைசலை இலையில் தெளித்தால் புதிய இலைகள் பச்சையாக வரும்.

இத்தனையும் செய்தாலும் இரண்டாம் ஆண்டின் இறுதியில் ஒரு மாற்றம் தெரியும். காலையில் ஊற்றிய நீர் உடனே அடியில் ஓடிவிடும், மாலைக்குள் செடி துவளும், பூவின் அளவு சிறுக்கும், புதிய துளிர் நின்றுவிடும். செடிக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி ஒதுக்கிவைக்கும் நிலை இதுதான். உள்ளே நடந்திருப்பது வேறு. செடியைக் கவிழ்த்து உருவிப் பார்த்தால், மண்ணே தெரியாமல் வேர்கள் தொட்டி வடிவத்தில் சுற்றிச் சுற்றிப் பாயாகப் பின்னியிருப்பதைக் காணலாம். இன்னும் பெரிய தொட்டி இருந்தால் மாற்றலாம். இல்லையென்றால் வேரைக் குறைக்க வேண்டும். முந்தைய நாள் நீர் ஊற்றி மண்ணை இளக்கிக்கொண்டு, மறுநாள் செடியை வெளியே எடுத்து, பழைய அரிவாளாலோ ரம்பக் கத்தியாலோ வேர்ப்பந்தின் பக்கங்களிலும் அடியிலும் ஓர் அங்குல அளவுக்குச் சீவி, உள்வேர்களை விரலால் சற்றுக் கோதிவிட்டு, அதே தொட்டியில் புதுக்கலவை இட்டு நட வேண்டும். வேர் குறைந்த அளவுக்கு மேலேயும் பாரத்தைக் குறைக்க, கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட வேண்டும். இதைச் செய்ய மறந்தால் குறைந்த வேரால் நிறைந்த இலைகளுக்கு நீர் அனுப்ப முடியாமல் செடி வாடிவிடும். பத்து நாள் நிழல், ஒரு மாதம் உரமில்லாமை, அவ்வளவுதான் பத்தியம். ஆடி, ஆவணியிலும், கிளைகளை வெட்டிச் சீராக்கும் கவாத்தோடு சேர்த்துச் செய்வதானால் மார்கழி, தையிலும் இதைச் செய்யலாம். சித்திரை, வைகாசியில் மட்டும் வேரில் கை வைக்கக்கூடாது. முதல்முறை செய்யும்போது கை நடுங்கும் என்பது உண்மைதான். ஆனால் பல்லாண்டுச் செடியின் வேரில் அதிகம் உறிஞ்சுவது புதிய நுனிகளே என்பதால், சீவிய இடத்திலிருந்து கிளைக்கும் இளவேர்கள் செடியை மீண்டும் இளமையாக்கிவிடுகின்றன.

கவாத்தும் காலமும்

மேலே வெட்டுவதற்கும் கீழே வெட்டுவதற்கும் காரணம் ஒன்றே. மல்லிகை, செம்பருத்தி, ரோஜா, இட்லிப்பூ, காகிதப்பூ ஆகிய எல்லாமே அந்தப் பருவத்தில் புதிதாக விட்ட துளிரில்தான் மொட்டு வைக்கின்றன. பழைய கட்டையில் பூ வராது. வெட்டாமல் விட்ட குண்டுமல்லி ஆள் உயரத்துக்கு வளர்ந்தும் நுனியில் நாலு பூ மட்டும் காட்டுவதன் காரணம் இதுதான். வேளாண் பரிந்துரைப்படி குண்டுமல்லியைக் கார்த்திகை நடுவை ஒட்டி, அதாவது நவம்பர் இறுதி வாரத்தில், தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்கிறார்கள். பிச்சிக்கு டிசம்பர் இறுதி, முல்லைக்கு ஜனவரி இறுதி. தொட்டிச் செடியில் இன்னும் சற்றுக் குறைவாக, ஓரடி உயரத்தில் வெட்டினாலும் தாங்கும். வெட்டியபின் மிஞ்சிய இலைகளையும் உருவிவிட்டு, ஒரு வாரம் நீரைக் குறைத்துப் பிறகு தொழுஉரமும் நீரும் கொடுத்தால், மாசி, பங்குனியில் எல்லாக் கணுக்களும் ஒருசேரத் துளிர்த்து மொட்டுப் பிடிக்கும். என் வீட்டு மாடியில் நின்ற மல்லிகையை மூன்று ஆண்டுகள் வெட்ட மனமின்றி வைத்திருந்தேன். கட்டடத்துக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் இடைஞ்சல் என்று அதை மொட்டையடித்துவிட்டுப் போன ஆண்டில்தான் அது முதன்முறையாக நாள்தோறும் ஒரு முழத்துக்குப் பூ தந்தது.

ரோஜாவைச் சமவெளியில் ஐப்பசி வாக்கில் கவாத்து செய்யலாம். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டினால் செடியின் நடு திறந்து காற்றும் வெளிச்சமும் புகும். ஒட்டுக்கட்டிய ரோஜாவில் ஒட்டுப் பகுதிக்குக் கீழிருந்து வேகமாகக் கிளம்பும் தளிரை உடனே நீக்க வேண்டும், அது அடிச்செடியின் தளிர். ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுத்தளிர் என்று சொல்வார்கள். நல்ல ரோஜாவிலும் ஏழு வரும் என்பதால், எண்ணிக்கையைவிடத் தளிர் எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்ப்பதே சரியான அடையாளம். செம்பருத்தியின் ஒவ்வொரு பூவும் ஒருநாள் மட்டுமே நிற்பதால், அடுத்தடுத்த நாள்களுக்குப் பல நுனிகள் தேவை. ஆண்டுக்கு இருமுறை இலேசாக நுனி வெட்டினால் அவை கிடைக்கும். டிசம்பர் பூவைப் பூத்து ஓய்ந்த தை மாதக் கடைசியில் வெட்ட வேண்டும். புரட்டாசியில் வெட்டினால் அந்த ஆண்டின் பூவையே வெட்டியதாகும். காகிதப்பூவுக்குக் கத்தரியைவிட வறட்சிதான் மருந்து. நிறமாகத் தெரிவது பூவடிச் செதில்கள், உண்மையான பூ நடுவில் உள்ள சிறு வெள்ளைக் குழல். நீர் தாராளமாகக் கிடைக்கும்வரை அது இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும், இலை சற்றுத் துவளும் வரை சில வாரங்கள் காயவிட்டால் நிறம் ஏறும்.

சாமந்திக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. இரவு நீளத் தொடங்கும்போதுதான் அது மொட்டு வைக்கும். எல்லாம் சரியாக இருந்தும் ஒரு தொட்டி மட்டும் பூக்கவில்லை என்றால், அது தெருவிளக்கு வெளிச்சம் இரவு முழுவதும் விழும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தரையில் நடும்போது

சிறிதளவாவது மண்தரை உள்ளவர்கள், பவழமல்லி, அரளி, நந்தியாவட்டை போன்ற பெரிதாகும் செடிகளைத் தரைக்கும், அளவாக நிற்பவற்றைத் தொட்டிக்கும் ஒதுக்குவது நல்லது. ஒன்றரை அடிக்குக் குறையாத குழி எடுத்து, சில நாள் ஆறவிட்டு, மேல்மண்ணோடு தொழுஉரம் கலந்து நிரப்பி, மழைக்கால முகப்பில் நட வேண்டும். வயலில் குண்டுமல்லிக்கு ஒன்றேகால் மீட்டர் இடைவெளி விடுகிறார்கள். வீட்டில் அரையடி உயரக் கன்றைப் பார்த்து நெருக்கி நட்டால் மூன்றாம் ஆண்டில் ஒன்றையொன்று மறைக்கும். மிகப் பெரும்பாலான பூச்செடிகள் நாளொன்றுக்கு ஆறு மணி நேர நேர்வெயில் கேட்பவை. மாமரத்தடியிலோ பக்கத்துச் சுவரின் நிழலிலோ இடம் இருந்தால் அங்கே கனகாம்பரத்தையும் டிசம்பர் பூவையும் வைக்கலாம். அரளியின் எல்லாப் பகுதியும், மஞ்சள் அரளியின் விதை குறிப்பாகவும், உயிர்க்கே ஆபத்தானவை என்பதால், தவழும் குழந்தையும் மேயும் ஆடும் உள்ள வீட்டில் அவை வேண்டாம் என்பது என் கருத்து. அழகுக்குப் பஞ்சமில்லை, செம்பருத்தி இருக்கிறது.

பூச்சிகளில் தொடக்கக்காரர் அறிய வேண்டியவை சிலவே. செம்பருத்தியின் நுனியில் வெண்பஞ்சு போல அப்பும் மாவுப்பூச்சியை, எறும்பு ஏறத் தொடங்கிய நாளிலேயே நீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் நீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளித்தால் கட்டுக்குள் வரும். கெட்டியாக அப்பிய நுனியை வெட்டி எறிவதே விரைவான வழி. நந்தியாவட்டையில் ஒரே இரவில் இலைகள் காணாமல் போனால், பச்சை நிறத்தில் வாலில் கொம்போடு விரல் பருமனுக்கு ஒரு புழு இருக்கும், கையால் எடுத்துவிடலாம். கனகாம்பரம் காரணமின்றி மஞ்சளித்துக் குன்றினால் வேரில் நூற்புழு இருக்கலாம். அந்த மண்ணை வேறு தொட்டிக்குப் பயன்படுத்தக்கூடாது. நூற்புழுவைக் குறைக்கும் தன்மை துலுக்கச் சாமந்தியின் வேருக்கு உண்டு என்பதால், ஆயுள் குறைந்த அந்தச் செடியைக் கனகாம்பரத்துக்குப் பக்கத்தில் நட்டு வைப்பது வீண் போகாது.

பல்லாண்டுச் செடியில் இன்னொரு வசதி, விதைக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்பது. டில்லி கனகாம்பரமும் குண்டுமல்லியும் விதை மூலம் பெருக்கப்படுவதே இல்லை, தண்டுதான் வழி. செம்பருத்தி, நந்தியாவட்டை, டிசம்பர் பூ ஆகியவற்றில் பென்சில் பருமனுள்ள, மிக இளசும் மிக முற்றலும் அல்லாத தண்டை அரையடி நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, மழைக்கால நிழலில் ஈரமணலில் ஊன்றினால் வேர் பிடிக்கும். மல்லிகைக்குப் பதியனே நம்பிக்கையானது. தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, ஒரு கணுவின் அடியில் பட்டையைச் சற்றுக் கீறி, அந்த இடம் பக்கத்துத் தொட்டி மண்ணில் இரண்டு அங்குலம் புதையுமாறு வைத்து, மேலே ஒரு கல்லைச் சுமத்திவிட வேண்டும். நுனி வெளியே நிமிர்ந்திருக்கட்டும். மூன்று மாதத்துக்குப் பின் இலேசாக இழுத்தால் மண் பிடித்துக்கொண்டிருப்பது தெரியும். அப்போதும் தாய்ச்செடியிலிருந்து ஒரேயடியாகத் துண்டிக்காமல், முதலில் பாதித் தண்டு வரை கீறி, பத்து நாள் கழித்து மீதியை வெட்டினால், கன்று வாட்டம் காணாமல் தன் வேரில் நிற்கும்.